டிஷ் வழியாக, கேட்ட நேரத்தில் ஹெச்டி படம்: உண்மையில் எது கிடைக்கும்?

கூடலூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கேபிள் அங்கே வரவில்லை, கைபேசி சிக்னல் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை, டிடிஎச் டிஷ் ஒன்றுதான் வழி. புதிதாக 43 அங்குல டிவி வாங்கி, பழைய பாக்ஸைக் கொடுத்துவிட்டு ஹெச்டி பாக்ஸும் மாட்டியாயிற்று. “நினைத்த நேரத்தில் ஹெச்டி படம்” என்று விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்ததை நம்பி ரிமோட்டில் தேடினால் அப்படி ஒன்றும் அகப்படவில்லை; அது எங்கே ஒளிந்திருக்கிறது, தனியாகப் பணம் கட்ட வேண்டுமா, ஆனி ஆடி மழைக்குத் தாங்குமா என்று கேட்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: நம் வீட்டு டிஷ் வானத்திலிருந்து வாங்க மட்டுமே தெரிந்த ஒன்றாக இருக்கும்போது, நாம் கேட்டதை அது எப்படிக் கொண்டுவரும்? அதற்கு விடை தெரிந்துவிட்டால் ரிமோட்டில் எங்கே தேட வேண்டும், எங்கே தேடுவது வீண் என்பது தானாகவே விளங்கிவிடும். மொட்டை மாடிகளில் டிஷ் மாட்டுவதில் சில ஆண்டுகளும், சிக்னலை மேலே அனுப்பும் நிலையத்தில் பல ஆண்டுகளும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டிடிஎச் என்பது ஒருவழிப் பாதை. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள், கீழே இருக்கும் எல்லா வீடுகளுக்கும் ஒரே பொருளைத்தான் ஒரே நேரத்தில் பொழிகிறது. உங்கள் பாக்ஸ் அதிலிருந்து உங்களுக்கு உரிமையுள்ளதை மட்டும் திறந்து காட்டுகிறது. ரிமோட்டில் நீங்கள் அழுத்தும் எந்தப் பொத்தானும் செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேர்வதில்லை. அது பாக்ஸோடு நின்றுவிடுகிறது. ஆகவே யூடியூபில் ஒரு படத்தைத் தொட்டதும் அது நமக்கென்று தனியாக ஓடத் தொடங்குவதைப் போன்ற ஒன்று, டிஷ் மட்டும் உள்ள வீட்டில் நடக்க வழியில்லை. அப்படியானால் உலகம் முழுவதும் செயற்கைக்கோள் நிறுவனங்கள் “ஆன் டிமாண்ட்” என்று விற்றுவந்தது எதை என்று கேட்பீர்கள். ஒரே படத்தைச் சிறு இடைவெளிகளில் பல சேனல்களில் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்நேரம் உட்கார்ந்தாலும் சற்று நேரத்தில் முதல் காட்சி வருவதுபோல் செய்வது ஒரு வழி. நாம் கேட்பதற்கு முன்பே படத்தை அனுப்பி, பாக்ஸுக்குள் இருக்கும் டிஸ்க்கில் சேர்த்து வைத்துவிடுவது இன்னொரு வழி. இவை இரண்டும் இல்லாமல், பாக்ஸின் பின்புறத்தில் இணையத்தைச் செருகி, படத்தை இணையத்தின் வழியாகவே இறக்குவதும் உண்டு. அதில் செயற்கைக்கோளுக்கு வேலையே இல்லை, பெயர் மட்டும்தான் டிடிஎச் நிறுவனத்தினுடையது.

முதல் வழிதான் மிகப் பழையது. அமெரிக்காவில் 1994இல் டைரக்டிவி தொடங்கியபோதே ஒரே படத்தைப் பல எண்களில் நேரம் தள்ளித் தள்ளி ஓட்டும் கட்டணச் சேனல்கள் அதில் இருந்தன. அந்தக் காலத்துப் பாக்ஸ்களின் பின்னால் தொலைபேசிக் கம்பி செருக ஒரு துளை இருக்கும். வாடிக்கையாளர் ரிமோட்டில் படத்தை வாங்கினால் அந்தக் கணக்கு பாக்ஸில் செருகியிருக்கும் கார்டில் பதிவாகி, பிறகு பாக்ஸே தொலைபேசி வழியாக நிறுவனத்தை அழைத்துச் சொல்லிவிடும். மேலே போக வழியில்லாத குறையை அப்படிச் சுற்றிக்கொண்டு கடந்தார்கள். நம் ஊரில் அந்த வேலையை எஸ்எம்எஸ், மிஸ்டு கால், இப்போது கைபேசிச் செயலி ஆகியவை செய்கின்றன: நீங்கள் பணம் கட்டியதும் உங்கள் கார்டு எண்ணுக்கு மட்டும் பொருந்தும் ஒரு திறப்பு ஆணை செயற்கைக்கோள் வழியாக வருகிறது, பாக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு அந்தச் சேனலைத் திறக்கிறது.

இந்த முறையில் ஹெச்டி தரத்தைத் தருவதற்கு எவரும் ஏன் அதிகம் துணிவதில்லை என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். ஒரு சாதாரண எஸ்டி படச்சட்டத்தில் 720க்கு 576 புள்ளிகள். ஹெச்டியில் 1920க்கு 1080 புள்ளிகள், அதாவது சரியாக ஐந்து மடங்கு. நல்ல ஹெச்டி சேனல் ஒன்றுக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளில் சேனல்களை வாங்கிக் கீழே திருப்பி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர்; அப்படி ஒன்று, டிவிபி-எஸ்2 என்ற இன்றைய ஒளிபரப்பு முறையில், நொடிக்குச் சுமார் 60 மெகாபிட் சுமக்கும். மூன்று மணி நேரப் படம் ஒன்றைக் கால் மணிக்கு ஒரு முறை தொடங்க வேண்டுமென்றால் பன்னிரண்டு சேனல்கள் வேண்டும். பன்னிரண்டு எட்டு 96. ஒரே ஒரு படத்துக்காக ஒன்றரை டிரான்ஸ்பாண்டருக்கு மேல் போய்விடுகிறது. அதே இடத்தில் பன்னிரண்டு ஹெச்டி சேனல்களை ஓட்டி, மாதம் முழுவதும் கட்டணம் வாங்கலாம் என்னும்போது எந்த நிறுவனம் இதைச் செய்யும்? ஆகவேதான் இங்கே கட்டணத் திரைப்படச் சேனல்கள் பெரும்பாலும் ஒரு நாளைக்குச் சில காட்சிகள் என்று, கிட்டத்தட்டத் திரையரங்கு போலவே ஓடின. அதை “ஆன் டிமாண்ட்” என்று அழைப்பது விளம்பரத் துறையின் தாராள மனம்.

படத்தை முன்கூட்டியே பாக்ஸில் சேர்த்து வைக்கும் இரண்டாவது வழி, என் கணக்கில், டிஷ் வீட்டுக்கு மிகவும் பொருந்திய வழி. பிரிட்டனில் ஸ்கை நிறுவனம் இதை ஒழுங்காகச் செய்தது. 2006இல் வந்த அதன் ஹெச்டி பதிவுப் பாக்ஸில் 300 ஜிபி டிஸ்க் இருந்தது. அதில் வாடிக்கையாளர் பதிவு செய்துகொள்ள 160 ஜிபி. மீதி 140 ஜிபியை நிறுவனமே வைத்துக்கொண்டு, பாக்ஸ் சும்மா இருக்கும் நேரத்தில் நிகழ்ச்சிகளையும் படங்களையும் அதில் இறக்கி வைத்தது. காலையில் டிவியைப் போட்டால் பட்டியலில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கும். தொட்டதும் ஓடும், மழை வந்தாலும் நிற்காது. ஆனால் பட்டியல் சிறியது, அதை நிரப்புவது அவர்கள். இந்தியாவில் டிஸ்க் உள்ள பாக்ஸ்களின் விலை காரணமாக இந்த முறை பெரிதாக வேரூன்றவில்லை. கைபேசியில் படம் பார்க்கும் பழக்கம் பெருகிய பிறகு நிறுவனங்களும் அதில் பணம் போட அக்கறை காட்டவில்லை.

இணையத்தின் வழியாக வருவதுதான் இப்போது கடைகளில் விற்கப்படும் “ஆன் டிமாண்ட்”. 2019 செப்டம்பரில் ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பாக்ஸ், 2020 ஜனவரியில் டாடா ஸ்கையின் பிஞ்ச் பிளஸ், இவற்றை ஒட்டியே டிஷ் டிவியின் ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்று வரிசையாக வந்தன. ஒரே பெட்டியில் டிஷ் கம்பியும் செருகலாம், வைஃபையும் எடுக்கலாம். டாடா ஸ்கை 2022 ஜனவரியில் டாடா பிளே என்று பெயரை மாற்றிக்கொண்டபோது சொன்ன காரணமும் இதுதான்: வெறும் டிடிஎச் நிறுவனமாக இனி இல்லை, ஓடிடியையும் சேர்த்துத் தருகிறோம் என்பது. உங்கள் விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்ததும் அநேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும். பாக்ஸின் மாதிரிப் பெயரை நீங்கள் குறிப்பிடாததால் “அநேகமாக” என்கிறேன். இதை நீங்களே இரண்டு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். பாக்ஸின் பின்புறத்தில் தொலைபேசித் துளையைவிடச் சற்று அகலமான ஈதர்நெட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளில் “நெட்வொர்க்” அல்லது “வைஃபை” என்ற பகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது சாதாரண ஹெச்டி பாக்ஸ். எவ்வளவு தேடினாலும் அந்த மெனு வராது. இருக்கிறதென்றால், அந்த மெனு இணையம் கிடைக்கும் வரை ஒளிந்துகொண்டோ வெறுமையாகவோ இருக்கும்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம், ஆனால் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் கணக்கில் 9 ஜிபியை விழுங்கும். ஓடிடி நிறுவனங்கள் இன்னும் இறுக்கமான சுருக்க முறையைப் பயன்படுத்துவதால் அதில் பாதியில் முடியலாம்; அப்போதும் நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் ஒரு படம் மூன்று நாள் டேட்டாவைத் தின்றுவிடும். வாசற்படியில் மட்டும் சிக்னல் வரும் இடத்தில் இந்தப் பேச்சே தேவையில்லை என்றாலும், தோட்ட அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ ஃபைபர் வந்திருக்கிறதா என்று ஒரு முறை விசாரித்துவிடுங்கள். அங்கே வந்திருந்தால் குடியிருப்பு வரை இழுப்பது பணமும் மனுவும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நம் ஊர் வரலாற்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “புதுப் படம் டிஷ்ஷில் வருமா” என்ற உங்கள் துணைக்கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. 2013 ஜனவரியில் கமல்ஹாசன் தம்முடைய ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு ஒரு நாள் முன்பாக டிடிஎச்சில் காட்டப் போவதாக அறிவித்தார். தமிழ்ப் பதிப்புக்குக் கட்டணம் 1000 ரூபாய். தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. பல லட்சம் பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் காண்பதுதான் செயற்கைக்கோளுக்கு மிக எளிதான வேலை. ஒரு வீடு பார்த்தாலும் கோடி வீடு பார்த்தாலும் அதற்குச் செலவு ஒன்றே. ஆனால் திரையரங்க உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், தேதி தள்ளிப்போனது, கடைசியில் அந்த டிடிஎச் வெளியீடு நடக்கவே இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, கொரோனா ஊரடங்கில் திரையரங்குகள் மூடிக் கிடந்தபோது, 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ‘க/பெ ரணசிங்கம்’ ஜீபிளெக்ஸ் என்ற கட்டணச் சேவையில், 199 ரூபாய்க்கு, டிடிஎச் வழியாகவும் வந்தது. இணையம் இல்லாத வீட்டில் ஒரு புதுத் தமிழ்ப் படத்தை வெளியான அன்றே டிஷ்ஷில் பார்க்க முடியும் என்று காட்டிய நாள் அது. பிறகு திரையரங்குகள் திறந்தன, புதுப் படங்களின் உரிமையை ஓடிடி நிறுவனங்கள் மொத்தமாக வாங்கத் தொடங்கின. டிஷ்ஷுக்குக் கிடைப்பது திரையரங்கும் ஓடிடியும் முடிந்த பிறகு வரும் தொலைக்காட்சி உரிமைதான். ஆகவே டிஷ் மட்டும் உள்ளவர் புதுப் படத்துக்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதில் என் மனக்குறையை மறைக்க விரும்பவில்லை: 2013இல் அந்த ஏற்பாடு நடந்திருந்தால், மலையிலும் தீவிலும் இருக்கும் வீடுகளுக்கு இன்று ஒரு நல்ல வழி நிலைத்திருக்கும்.

இனி உங்கள் வீட்டில் உண்மையில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். இணையம் இல்லாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, நிறுவனம் தராத அந்த இரண்டாவது வழியை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். ஹெச்டி பாக்ஸ்கள் பலவற்றில் யுஎஸ்பி துளை இருக்கிறது. பதிவு வசதி உள்ள மாதிரி என்றால் அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஹெச்டி திரைப்படச் சேனல்களில் வருபவற்றைப் பதிவு செய்துகொள்ளலாம். சில நிறுவனங்கள் இந்த வசதியைத் திறந்துவிடச் சிறு கட்டணம் கேட்கும். விளம்பர இடைவேளைகளோடு ஒரு படம் மூன்றரை மணி நேரம் ஓடும் என்று கொண்டால், மேலே சொன்ன கணக்கில் 12.6 ஜிபி, 500 ஜிபி டிஸ்க்கில் சுமார் நாற்பது படங்கள் நிற்கும். நாற்பது படங்கள் வீட்டுக்குள் இருந்தால், இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எதைப் பார்க்கலாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விளம்பரத்தைத் தள்ளிவிடலாம், நடுவில் நிறுத்திச் சாப்பிடப் போகலாம். பென் டிரைவும் வேலை செய்யும், எழுதும் வேகம் நொடிக்கு ஒரு மெகாபைட் போதும் என்பதால் வேகம் ஒரு பொருட்டல்ல. ஆனால் மலிவான பென் டிரைவுகள் தொடர்ந்து எழுதி அழிப்பதைத் தாங்காமல் சில மாதங்களில் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிவில் கவனிக்க வேண்டியவை உண்டு. செருகியதும் பாக்ஸ் அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கேட்கும். செய்தால் அதில் இருந்த கல்யாண வீடியோ உட்பட எல்லாம் அழிந்துவிடும், ஆகவே புது டிஸ்க்கையே பயன்படுத்துங்கள். பதிவானது பூட்டப்பட்ட வடிவத்தில் இருக்கும். அந்தப் பாக்ஸில் மட்டுமே திறக்கும், கணினியில் செருகினால் ஒன்றும் தெரியாது, பாக்ஸை மாற்றினால் பழைய பதிவுகள் பெரும்பாலும் போய்விடும். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டால் பதிவு செய்ததையும் காட்ட மறுக்கும் பாக்ஸ்கள் உண்டு. கட்டணம் செலுத்தி வாங்கிய படங்களுக்குப் பதிவைத் தடுத்தோ குறிப்பிட்ட மணி நேரத்தில் காலாவதியாக்கியோ வைத்திருப்பார்கள். இன்னொன்று, நம் சேனல்களில் படம் அறிவித்த நேரத்துக்குச் சரியாக முடிவதில்லை. பதிவு அமைப்பில் முன்னால் ஐந்து நிமிடமும் பின்னால் பதினைந்து நிமிடமும் கூட்டி வைக்காவிட்டால் கிளைமாக்ஸ் இல்லாத படங்களாகவே சேரும்.

எதைப் பதிவு செய்வது என்பதற்குப் பாக்ஸின் நிகழ்ச்சி வழிகாட்டிதான் நூலகப் பட்டியல். பெரும்பாலான பாக்ஸ்களில் அது ஒரு வாரத்துக்கு முன்னோக்கிச் செல்லும். திரைப்படம் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து வடிகட்டலாம். பெயரை எழுதித் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு சேனலுக்கும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் அடித்துப் பாருங்கள். ஒரு படத்தை ஞாயிறு மாலையில் தவறவிட்டால் வருந்த வேண்டாம். உரிமை வாங்கிய சேனல் குழுமம் அதைத் தன் மற்றச் சேனல்களிலும் நள்ளிரவிலும் சுழற்றிச் சுழற்றிப் போடும். உங்கள் பேக்கில் கே டிவி ஹெச்டி போன்ற திரைப்படச் சேனலின் ஹெச்டி பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்டி பதிப்பு மட்டும் இருக்கும் பேக்கை ஹெச்டி பாக்ஸோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கும் வீடுகள் பல. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகளின்படி ஒரு சேனலை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ள முடியும். ஒரு ஹெச்டி சேனலுக்காகப் பெரிய பேக்குக்கு மாறத்தான் வேண்டும் என்று எவரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். விளம்பரமில்லாத் திரைப்படச் சேனல்களை மாதக் கட்டணத்தில் தனியாகவும் விற்கிறார்கள். அவற்றில் பல எஸ்டி தரத்திலேயே ஓடுபவை, வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

கட்டணப் படம் ஒன்றை வாங்குவதாக இருந்தால் ஒரு சம்பவத்தை நினைவில் வையுங்கள். நான் டிஷ் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளைகளுக்காகக் கைபேசியில் பணம் கட்டிப் படம் வாங்கியிருந்தார். காட்சி நேரம் வந்ததும் திரையில் பிழைச் செய்திதான். கட்டும்போது பாக்ஸை மெயின் சுவிட்சில் அணைத்து வைத்திருந்தார், மின்சாரத்தை மிச்சப்படுத்த. திறப்பு ஆணை வானத்திலிருந்து வந்த நேரத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து “ரெஃப்ரெஷ் அனுப்புங்கள்” என்று கேட்டபின் அது மீண்டும் வந்து திறந்தது. அதற்குள் பாதிப் படம் ஓடிவிட்டது, பணம் திரும்பவில்லை. ஆகவே வாங்கும்போது பாக்ஸ் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், காட்சிக்கு அரை மணி நேரம் முன்பே வாங்கிவிட வேண்டும்.

படம் வந்துவிட்டது, ஆனால் ஹெச்டியாக வந்ததா? நீங்கள் “கொஞ்சம் மங்கலாகவே இருக்கிறது” என்று போகிற போக்கில் எழுதியிருந்தது என் கண்ணில் பட்டது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய கம்பியால் இணைத்திருந்தால் ஹெச்டி வரவே வராது. மஞ்சள் முனைக்கு அந்தத் திறன் இல்லை. ஹெச்டிஎம்ஐ கம்பிக்கு மாற்றிவிட்டு, பாக்ஸின் அமைப்பில் வெளியீடு “1080i” என்று இருக்கிறதா என்று பாருங்கள். 576 என்று இருந்தால் பாக்ஸே ஹெச்டியை எஸ்டியாகச் சுருக்கி அனுப்புகிறது. இவை இரண்டும் சரியாக இருந்தும் மங்கலாக இருந்தால் குற்றம் படத்தின் மேல். பழைய படங்களின் ஃபிலிமில் ஹெச்டிக்குத் தேவையானதைவிட அதிகமான நுணுக்கம் இருக்கிறது; ஆனால் தொலைக்காட்சிக்காக அவை ஒரு காலத்தில் பீட்டாகாம் என்ற எஸ்டி வீடியோ நாடாக்களுக்கு மாற்றப்பட்டன, அந்த நாடாவையே இன்று இழுத்துப் பெரிதாக்கி ஹெச்டி சேனலில் ஓட்டும்போது அது ஹெச்டி ஆகிவிடாது. சேனலின் மூலைச் சின்னம் கூர்மையாகவும் நடிகரின் முகம் மங்கலாகவும் தெரிந்தால் நாடாப் படம் என்று முடிவு செய்யலாம். அகலத்திரைப் படம் இன்னொரு விதத்தில் அடிபடுகிறது: ஒழுங்காகக் காட்டினால் மேலும் கீழும் கருப்புப் பட்டை வந்து 1080 வரிகளில் சுமார் 817 மட்டுமே படத்துக்குக் கிடைக்கும், பட்டை பிடிக்காத சேனல்கள் படத்தைப் பெரிதாக்கி இரு ஓரங்களையும் வெட்டிவிடுகின்றன, கூட்டக் காட்சியில் ஓரத்தில் நின்று பேசுபவர் காணாமல் போகிறார். திரையரங்கில் நொடிக்கு 24 சட்டமாக ஓடும் படத்தை நம் தொலைக்காட்சி முறைக்காக 25ஆக ஓட்டுவதும் வழக்கம்; அப்படி ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். “வெட்டிவிட்டார்கள்” என்று புகார் சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

கடைசியாக மழை. டிடிஎச் பயன்படுத்தும் கேயூ பேண்ட் அலைகளை அடர்ந்த மழை உறிஞ்சிவிடும். இது நிச்சயம், எந்த நிறுவனமும் விதிவிலக்கல்ல. ஒரே டிரான்ஸ்பாண்டரில் அதிகமாக அடைக்கும் பண்பேற்ற முறையில் அனுப்பப்படும் சேனல்கள் தெளிவான சிக்னலைக் கேட்கும் என்பதால், மழை வலுக்கும்போது அவை முதலில் உடைந்து போகும். ஹெச்டி சேனல்கள் பெரும்பாலும் அந்த வகை. உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. கூடலூரிலிருந்து பார்த்தால் 83 டிகிரி கிழக்கில் நிற்கும் டாடா பிளேயின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 74 டிகிரி உயரத்திலும், 93.5 டிகிரியில் நிற்கும் சன் டைரக்டின் ஜிசாட்-15 ஏறத்தாழ 66 டிகிரியிலும் இருக்கின்றன, அதாவது கிட்டத்தட்டத் தலைக்கு மேல். சரிவாகப் பார்க்கும் லண்டன் டிஷ்ஷோடு ஒப்பிட்டால் அலை மழைக்குள் கடக்கும் தூரம் உங்களுக்குக் குறைவு. 108.2 டிகிரியில் இருக்கும் ஏர்டெல்லுக்கு இந்த உயரம் 51 டிகிரிதான். கிழக்கே, சற்றுத் தெற்காக, மேடோ சில்வர் ஓக் வரிசையோ இருந்தால் அதற்குத்தான் முதலில் மறைக்கும். போன ஆண்டு தெரிந்த வானம் இந்த ஆண்டு கிளை வளர்ந்து மூடியிருக்கலாம். ஈர இலை காய்ந்த இலையைவிட அதிகமாகத் தடுக்கும், “மழை பெய்தாலே போகிறது” என்பவர்களில் பலருக்கு எதிரி மழையல்ல, கிளை.

பெரிய டிஷ் வாங்கலாமா என்று கேட்டதற்கு: 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 ஆக்கினால் பிடிக்கும் பரப்பு 2.25 மடங்காகும், மழையில் அது நன்றாகவே தெரியும். ஆனால் அதற்கு முன்பு இருக்கும் டிஷ்ஷைச் சரியாகத் திருப்பச் சொல்லுங்கள். 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரை டிகிரி விலகியிருந்தாலே பாதிச் சக்தி வீணாகும். வெயில் நாளில் அது தெரியாது, படம் குறையில்லாமல் வரும், மழையில்தான் காட்டிக்கொடுக்கும். பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் ஸ்டிரெங்த், குவாலிட்டி என்று இரண்டு அளவுகள் இருக்கும். மெக்கானிக் முதல் அளவைக் காட்டிப் போதும் என்பார், நீங்கள் இரண்டாவதைப் பார்த்து, அது இனி ஏறாது என்ற இடத்தில் முடுக்கச் சொல்லுங்கள். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற வாங்கியின் மூடியில் விரிசல், கம்பி முனையில் பச்சை பூத்த செம்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். சேனல்களில் பாதி மட்டும் போய்ப் பாதி நன்றாக வந்தால் அது மழையல்ல. எல்என்பிக்குப் போக வேண்டிய 18 வோல்ட் கம்பியில் எங்கோ குறைகிறது. இத்தனையும் சரிசெய்த பிறகும் ஆடி மாதத்தில் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் படம் உறையத்தான் செய்யும். அதற்காகவே பதிவுகளை நள்ளிரவு மறுஒளிபரப்பிலும் ஒரு தடவை போட்டு வையுங்கள். இரண்டில் ஒன்று முழுதாக விழுந்திருக்கும், மற்றதை அழித்துவிடலாம். பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் கீழே எழுதினால், அதில் பதிவு வசதி உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.